ஏற்கும் பரப்பும் ஏற்காத பரப்பும்

எங்கள் கிராமத்து வீட்டின் பின்கட்டில் மாட்டுக்கொட்டகைக்குப் புதிய தகரக் கூரை போட்ட வருஷம், கண்ணைக் கூசச் செய்த அந்தத் தகரத்துக்கு உடனே பச்சை வர்ணம் அடித்துவிட வேண்டுமென்று என் தகப்பனார் அவசரப்பட்டதும், வர்ணம் பூச வந்த முதிய மேஸ்திரி, "ஐயா, தகரம் புதுசு, ஒரு மழைக்காலம் கழியட்டும், அப்புறம் அடிக்கலாம்" என்று சொல்லித் தயங்கி நின்றதும் எனக்கு இன்றும் நினைவிலிருக்கின்றன. அவருடைய சொல் அன்று எடுபடவில்லை. பூசிய வர்ணம் சில மாதங்கள் அழகாகவே இருந்தது. அடுத்த கோடை முடிவதற்குள், வாழைமட்டையின் மேற்சருகு கழல்வதுபோல, பாளம் பாளமாகக் கழலத் தொடங்கி, கையால் பற்றி இழுத்தால் ஒரு முழ நீளம்கூடத் தடையின்றி வந்துவிடும் நிலைமையை அடைந்தது. வர்ணம் மட்டமானது என்று வீட்டில் எல்லோரும் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் தவறு என்பதை நான் அறிந்துகொள்ளப் பல வருஷங்கள் ஆயின. வர்ணம் நல்ல வர்ணந்தான், பூசிய கையும் தேர்ந்த கைதான், அதை ஏற்கச் சித்தமாகாதிருந்தது தகரம்.

பூச்சு என்பது ஒரு பொருளின்மேல் இன்னொரு பொருளைப் பரப்பி வைப்பது மாத்திரமே என்று நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். கடையிலே வர்ணத்தின் நிறத்தையும், விலையையும், எத்தனை வருஷம் தாங்கும் என்பதையும் விசாரிக்கிறவர்கள், அது எதன்மேல் பூசப்படப்போகிறது என்பதைப் பெரும்பாலும் கடைசியாகவே சொல்கிறார்கள். சொல்லாமல் விடுகிறவர்களும் உண்டு. ஆனால் வர்ணத்தின் ஆயுள் டப்பாவுக்குள் நிர்ணயமாவது பாதிதான். ஒரு பரப்பு நீரைக் குடிக்குமா குடிக்காதா, வெயிலில் விரிந்து பனியில் சுருங்குமா, தன்னுள்ளிருந்து ஈரத்தையோ உப்பையோ எண்ணெயையோ வெளியே தள்ளுமா, பூசப்பட்ட பதார்த்தத்தோடு ரசாயன சம்பந்தம் கொள்ளுமா என்பவை யாவும் சேர்ந்தே மீதிப் பாதியை நிர்ணயிக்கின்றன. வழக்கமான சுவரிலும் வழக்கமான கதவிலும் இவை நம் கண்ணுக்குப் படாமலே நடைபெறுகின்றன. வழக்கத்துக்கு மாறான பரப்புக்களில் வர்ணம் பூசும்போதுதான் அவை பிரத்தியட்சமாகின்றன. ஆகையால், அப்படிப்பட்ட பரப்புக்களை ஆராய்வது சாதாரணச் சுவரைப் புரிந்துகொள்ளவும் நல்ல மார்க்கம் என்பது என் அபிப்பிராயம்.

தாமரை இலைத் தண்ணீர் என்று பற்றற்ற நிலைக்கு உவமை சொல்லிப் பழகியவர்கள் நாம். ஒட்டுதல் என்னும் விஷயத்தின் தத்துவம் முழுவதும் அந்த உவமையில் அடங்கியிருக்கிறது. ஒரு திரவத் துளி ஒரு பரப்பின்மேல் விழும்போது, அது பரந்து தழுவிக்கொள்ளுமா, முத்தாகத் திரண்டு உருளுமா என்பது துளியின் உட்பிணைப்புக்கும் பரப்பின் ஈர்ப்புக்கும் இடையே நிகழும் போட்டியைப் பொறுத்தது. துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் கோணத்தைக் கொண்டு இதை அளக்கலாம் என்று இங்கிலாந்தின் தாமஸ் யங் 1805 ஆம் ஆண்டிலேயே விளக்கினார். தாமரை இலையில் நீர் ஒட்டாமைக்கு அதன் மெழுகு மாத்திரம் காரணமன்று, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் அம்மேடுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றும் சேர்ந்தே காரணம் என்பதை ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் என்னும் தாவர நூலறிஞர் இருவர் 1997 ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துக் காட்டினர். வர்ணம் பூசுகிறவனுக்கு இதில் உள்ள பாடம், நனையாத பரப்பில் ஒட்டுதல் இல்லை என்பதே. திரவமாக இருக்கும்போது தழுவாத பூச்சு, உலர்ந்து கெட்டியான பிறகு தழுவப்போவதில்லை.

நனைவதோடு காரியம் முடிந்துவிடுகிறதா என்றால், இல்லை. பூச்சு பரப்புக்குள் வேர்விட வேண்டும். இந்த வேர்விடுதல் மிக உன்னதமாக நடைபெறும் இடம் ஈரச் சுண்ணாம்பு. நீர்த்த சுண்ணாம்புச் சாந்து சுவரில் பூசப்பட்டு ஈரம் உலராதிருக்கும்போது, வெறும் தண்ணீரில் குழைத்த காவியையோ பச்சை மண்ணையோ கரியையோ அதன்மேல் தீட்டினால், சாந்தில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு மெல்ல மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு கூடி, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறும்போது வர்ணத் துகள்களைத் தன் பளிங்குப் படலத்துக்குள்ளேயே பூட்டிக்கொள்கிறது. இங்கே பசை என்று தனியாக ஒன்றுமில்லை, சுவரே பசையாகிறது. அதனால்தான் இந்த முறையில் வேலை செய்தவர்கள் ஒரு நாளில் எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு பரப்புக்கு மாத்திரமே காலையில் சாந்து பூசி, அது உலர்வதற்குள் தீட்டி முடித்தார்கள். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் வர்ணங்கள் சிலவே. அந்தக் கட்டுப்பாட்டை மதித்தவர்களின் சித்திரங்கள் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கின்றன. மதியாதவர்களின் கதி வேறு. இத்தாலியில் அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் சிமாபூ என்னும் ஓவியர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய சுவரோவியங்களில், ஒளிவீச வேண்டிய இடங்களிலெல்லாம் ஈய வெள்ளையை உபயோகித்தார். எண்ணெயில் குழைத்தால் நெடுங்காலம் வெண்மை மாறாத அந்த வர்ணம், சுவரிலே எண்ணெயின் பாதுகாப்பின்றிக் காற்றுக்கும் ஈரத்துக்கும் வசப்பட்டுக் கறுத்துப்போயிற்று. இன்று அங்கே நிற்பவர்களுக்கு, முகங்களில் வெளிச்சம் விழுந்த இடம் இருட்டாகவும் நிழல் விழுந்த இடம் வெளிச்சமாகவும், புகைப்படச் சுருளின் எதிர்மறைப் படத்தைப் பார்ப்பதுபோன்ற ஒரு தோற்றமே கிடைக்கிறது.

சுவரின் சுபாவத்தோடு முரண்பட்டதனால் நேர்ந்த நஷ்டங்களுள் உலகம் முழுவதும் அறிந்தது லியோனார்டோ டாவின்சியின் கடைசி விருந்துச் சித்திரமாகும். மிலான் நகரத்து மடத்தின் உணவுக்கூடச் சுவரில் 1495 முதல் 1498 வரை அவர் அதைத் தீட்டினார். ஈரச் சுண்ணாம்பு அவசரப்படுத்தும். ஒரு நாளைக்குள் முடித்தே தீரவேண்டும், பின்னால் திருத்தவும் முடியாது. லியோனார்டோவோ ஒரு முகத்தின் முன்னால் நாட்கணக்கில் நின்று யோசிப்பவர், தீட்டியதை மீண்டும் மீண்டும் மாற்றுபவர். ஆகவே அவர் உலர்ந்த சுவரின்மேல் அடிப்பூச்சுக் கொடுத்து, பலகைமேல் தீட்டுவதுபோலவே எண்ணெயும் முட்டைப்பசையும் சேர்ந்த வர்ணங்களால் தீட்டினார். மரப்பலகைக்கு ஏற்ற அந்த முறை, ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும் கற்சுவருக்கு ஏற்கவில்லை. 1517 ஆம் ஆண்டில், லியோனார்டோ உயிரோடிருந்தபோதே, அதைப் பார்த்துச் சென்ற ஒருவர் அது கெடத் தொடங்கிவிட்டதாக எழுதிவைத்திருக்கிறார். பிறகு பலர் பல காலங்களில் அதன்மேல் தீட்டியும் ஒட்டியும் செப்பனிட்டதில் மூலம் மேலும் மறைந்தது. 1978 இல் தொடங்கி 1999 வரை, இருபது வருஷங்களுக்கு மேலாகப் பினின் பிராம்பில்லா பார்சிலோன் என்னும் அம்மையார், பிற்காலத்தார் ஏற்றிய படலங்களை அங்குல அங்குலமாக நீக்கிய பின்பு எஞ்சியது மூலத்தின் ஒரு பகுதியே. அந்த மேதை தன் மனப்போக்குக்குத் தக்க முறையைத் தேர்ந்தாரேயன்றிச் சுவரின் போக்குக்குத் தக்க முறையைத் தேரவில்லை என்று நினைக்கும்போது, குற்றம் சொல்ல மனம் வரவில்லையென்றாலும், துக்கம் வருகிறது.

நம் நாட்டுப் பழைய ஓவியர்கள் இந்த விஷயத்தில் நிதானமாக இருந்திருக்கிறார்கள். புதுக்கோட்டையையடுத்த சித்தன்னவாசலில், கரடுமுரடான குடைவரைப் பாறையின்மேல் முதலில் சாந்து பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சுக் கொடுத்து, அதன் பிறகே தாமரைத் தடாகத்தைத் தீட்டினார்கள். பாறை நேராக வர்ணத்தை ஏற்காது. பாறை ஏற்பது சாந்தை, சாந்து ஏற்பது சுண்ணத்தை, சுண்ணம் ஏற்பது வர்ணத்தை. இந்த இடைநிலைகளின் அவசியத்தை அஜந்தாவிலும் காண்கிறோம். அங்கே எரிமலைப் பாறையின்மேல் களிமண்ணோடு உமியும் நாரும் சேர்த்துப் பிசைந்த பூச்சு இடப்பட்டது. ஆனால் அஜந்தாவின் துரதிர்ஷ்டம் பிற்காலத்தில் வந்தது. 1920 ஆம் ஆண்டையொட்டி ஹைதராபாத் நிஜாமின் அரசாங்கம், உதிர்ந்துகொண்டிருந்த சித்திரங்களைக் காப்பாற்றும் நன்னோக்கத்தோடு இத்தாலியிலிருந்து நிபுணர் இருவரைத் தருவித்தது. அவர்கள் உதிரும் பகுதிகளைச் சுவரோடு சேர்த்து நிறுத்தியது பேருதவியே. ஆயினும் சித்திரங்களின்மேல் பூசப்பட்ட அரக்கு வார்னிஷ் காலக்கிரமத்தில் மஞ்சளித்து மங்கி, அழுக்கையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு, அடியிலிருக்கும் நிறங்களைத் திரைபோட்டு மறைத்தது. அதை நீக்குவது பின்வந்த தொல்பொருள் துறை ரசாயன நிபுணர்களுக்குப் பெருங்காரியமாயிற்று. பழைய வர்ணத்தின்மேல் பூசப்படும் பூச்சும் ஒரு புதிய பரப்பின்மேல் பூசப்படும் பூச்சே என்பது அப்பொழுது யாருக்கும் தோன்றவில்லை.

சித்திரத்தின்மேல் சித்திரம் அமைந்த அபூர்வ இடம் தஞ்சைப் பெரிய கோயில். 1010 ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற அக்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட பிராகாரத்தில் நாயக்கர் காலத்துச் சித்திரங்களே உள்ளன என்று எண்ணியிருந்த காலத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி 1931 ஆம் ஆண்டில், உதிர்ந்த பூச்சின் அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதைக் கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் ரசாயன நிபுணராயிருந்த எஸ். பரமசிவன் அவற்றின் சாந்தையும் வர்ணத்தையும் பரிசோதித்து, ஈரச் சுண்ணாம்பில் தீட்டும் முறையே அங்கே கையாளப்பட்டது என்று நிறுவினார். நாயக்கர் காலத்து ஓவியர்கள் கீழுள்ளதன்மேல் நேரே வர்ணத்தைத் தீட்டாமல், புதிய சாந்துப் பூச்சிட்டு அதன்மேல் தீட்டியதுதான் இங்கே நடந்த பெரிய உபகாரம். சுண்ணாம்பாய் இறுகிப்போன பழைய பரப்பு புதிய சாந்தை இறுகப் பற்றிக்கொள்ளவில்லை. பற்றாமையே இரண்டு காலத்துக் கலையையும் பிரித்தெடுக்க இடங்கொடுத்தது. பிற்காலத்தில் தொல்பொருள் துறையினர் மேலடுக்கைச் சேதமின்றிக் கழற்றி, கண்ணாடி இழைப் பலகைகளில் பதித்து வைத்தார்கள். ஒட்டாமை எங்கும் குறையாகவே எண்ணப்படுகிற இந்த விஷயத்தில், ஒட்டாமையால் விளைந்த நன்மைக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

இனி, நீரைச் சிறிதும் குடிக்காத பரப்புக்களைப் பார்ப்போம். தஞ்சாவூர் வீடுகளின் கூடங்களில் தொங்கிய கண்ணாடிப் படங்களில் வர்ணம் கண்ணாடியின் பின்புறத்தில் இருக்கிறது. பார்ப்பவர்கள் முன்புறத்திலிருந்து பார்க்கிறார்கள். ஆகையால் அந்த ஓவியர், மற்ற ஓவியர்கள் கடைசியில் செய்கிறதை முதலில் செய்யவேண்டும்: கண்ணின் கருமணியும் நகையின் கல்லும் முதலில், அதற்கு மேல் முகத்தின் நிறம், அதற்கு மேல் ஆடை, எல்லாவற்றுக்கும் கடைசியில் பின்னணி. ஒரு பிழை நேர்ந்தால் அதை மேல்பூச்சினால் மறைக்க வழியில்லை. கண்ணாடியில் நுண்துளை இல்லாமையால் வர்ணம் வேர்விடாமல் அதன் வழுவழுப்பான முகத்தோடு வெறும் அணைப்பினால் மாத்திரமே நிற்கிறது. மழைக்காலத்து ஈரம் பின்புறத்திலிருந்து புகுந்தால் செதிள் செதிளாக எழும்புகிறது. பின்புறத்தில் நல்ல பலகை வைத்து அடைத்த படங்கள் பிழைத்தன; சுவர் ஈரத்தோடு உறவாட விடப்பட்டவை அழிந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் காக்காப்பொன் தகடுகளின்மேல் தீட்டப்பட்ட சிறு சித்திரங்கள் இதைக் காட்டிலும் நொய்மையானவை. பற்பல தொழில் செய்வோரையும் சாதியாரையும் உத்தியோகஸ்தரையும் தனித்தனித் தகட்டில் தீட்டி, ஆங்கிலேயர் தம் ஊருக்கு ஞாபகார்த்தமாக எடுத்துச் செல்லுமாறு விற்றார்கள். காக்காப்பொன் வழுவழுப்பில் கண்ணாடியை ஒத்தது. போதாக்குறைக்கு வளையவும் செய்யும், ஏடு ஏடாகப் பிரியவும் செய்யும். பிசின் கலந்த வர்ணமோ உலர்ந்தால் விறைத்துப்போகும். வளையும் தகட்டின்மேல் வளையாத வர்ணம் இருந்தால் என்ன ஆகும் என்பதை அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படும் அத்தகடுகளில் முகம் பாதி உதிர்ந்துபோன உருவங்கள் நமக்குக் காட்டுகின்றன.

ஆனால் வழுவழுப்பே கேடு என்று முடிவுகட்டிவிட முடியாது. செம்பு அந்த முடிவை மறுக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினேழாம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் பல ஓவியர்கள் சிறு செப்புத் தகடுகளின்மேல் எண்ணெய் வர்ணத்தால் தீட்டினார்கள். ஆடம் எல்ஸ்ஹைமர் 1609 ஆம் ஆண்டில் செம்பின்மேல் தீட்டிய எகிப்துப் பயணச் சித்திரம், நட்சத்திரங்கள் நிறைந்த அதன் இரவு வானத்தோடு, மியூனிக் நகரத்தில் இன்றும் தெளிவாக இருக்கிறது. துணி ஈரத்தில் தளர்ந்து வெயிலில் விறைக்கும். பலகை வீங்கும், சுருங்கும். அவற்றின்மேல் இருக்கும் வர்ணம் அந்தச் சலனத்தைத் தாங்கமாட்டாமல் வலைபோல வெடிக்கும். செம்பு ஈரத்தைக் குடிப்பதில்லை, அதனால் அசைவதுமில்லை. தீட்டுமுன் தகட்டை நன்றாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, வெள்ளைப்பூண்டுச் சாற்றைத் தடவும் வழக்கத்தையும் அக்காலத்து நூல்கள் சொல்கின்றன. ஒட்டுதற்குரிய சிறு உதவியும் அசையாமை என்னும் பெரிய குணமும் சேர்ந்த இடத்தில், குடிக்காத பரப்பும் நல்ல தாயாக அமைந்துவிடுகிறது.

உலோகம் எல்லாம் செம்பைப்போல் சாதுவல்ல. எங்கள் கொட்டகைத் தகரத்துக்குத் திரும்புகிறேன். தகரம் என்று நாம் சொல்வது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. எனாமல் வர்ணங்களில் உள்ள எண்ணெய், காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவது. அதனோடு ஈரமும் துத்தநாகமும் சேரும்போது, எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் துத்தநாகத்தோடு கூடி ஒருவகைச் சவர்க்காரமாக மாறுகின்றன. வர்ணத்துக்கும் தகட்டுக்கும் நடுவே சவர்க்காரப் படலம் ஒன்று உண்டாகிவிட்டால் பிறகு அங்கே பிடிப்பு ஏது? புதிய தகரம் ஆலையிலிருந்து வரும்போதே எண்ணெய்ப் பசையோடு வருவது இன்னொரு தடை. மேஸ்திரி சொன்ன மழைக்காலத்தில் என்ன நடக்கும் என்றால், அந்த எண்ணெய்ப் பசை கழுவப்பட்டுப்போவதோடு, துத்தநாகத்தின் மேற்புறம் காற்றோடும் மழையோடும் கூடி மங்கலான, சற்றே சொரசொரப்பான கார்பனேட்டுப் படலமாக மாறும். அது சாந்தமான பரப்பு. அவசரமுள்ளவர்கள் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவத்தால் கழுவி அதே பலனைச் செயற்கையாக அடையலாம். அந்தப் பெரியவர் ரசாயன சாஸ்திரம் படித்தவரல்லர், தகரத்தைப் படித்தவர்.

இந்தச் சவர்க்காரம் வேறு இடங்களிலும் வந்து காரியத்தைக் கெடுக்கிறது. புதிய சிமெண்டுப் பூச்சு, கார மிகுதியால், எண்ணெய் வர்ணத்தை அதே முறையில் கொழகொழப்பாக்கிக் கெடுக்கும். நான்கு வாரமாவது உலர விட்டுப் பிறகே அடிக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுவே. எண்ணெய் ஓவியங்களில் ஈய வர்ணம் எண்ணெயோடு கூடி மிக மெதுவாகச் சவர்க்காரமாகி, நூற்றாண்டுகளுக்குப் பிறகு மேற்பரப்பைத் துளைத்துக்கொண்டு சிறு மணிகளாக வெளிப்படுவதை, ரெம்பிராண்ட் 1632 இல் தீட்டிய உடற்கூற்றுப் பாடச் சித்திரத்தில் கண்டிருக்கிறார்கள். கடலோர ஊர்களில் சுவர்களில் பூக்கும் உப்பைப் பற்றி நான் விரிக்க வேண்டியதில்லை. சென்னையிலும் நாகையிலும் வசித்தவர்கள் அதை ஒவ்வொரு ஆடியிலும் தம் விரலால் தொட்டு அறிந்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் போகிக்கு முன் வெள்ளையடித்து வந்த சுவரில் ஒரு வருஷம் திடீரென்று பிளாஸ்டிக் வர்ணம் அடித்தால், அது தூளாகப் பொடிந்திருக்கும் சுண்ணாம்பைப் பற்றிக்கொள்ளுமேயன்றிச் சுவரைப் பற்றிக்கொள்ளாது. அடுத்த வருஷம் சுண்ணாம்போடு சேர்ந்து பாயாக உரியும். நல்ல மேஸ்திரி முதலில் உள்ளங்கையால் சுவரைத் தடவிக் கையில் வெள்ளை ஒட்டுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

மரத்தைப்பற்றி ஒரு வார்த்தை. தேக்கிலும் ஈட்டியிலும் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதுவே அவற்றைக் கறையானுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கச் செய்வது. அப்பசை, வார்னிஷின் எண்ணெய் பிராணவாயுவை ஏற்று இறுகுவதைத் தடுக்கிறது. மரத்தைக் காக்கும் குணமே பூச்சைப் பகைக்கிறது என்பது இயற்கையில் காணும் முரண்களுள் ஒன்று.

மனிதனே உண்டாக்கிய பரப்புக்களில் வர்ணத்துக்குப் பெரும்பகை பாலிதீன் குடும்பம். 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தற்செயலாகத் தோன்றிய பாலிதீனும், 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராய் பிளங்கெட்டின் கையில் அதேபோல் தற்செயலாக அகப்பட்ட டெப்லானும் பிற பதார்த்தங்களை ஈர்க்கும் சக்தி மிகக் குறைந்தவை. நீரின் பரப்பு இழுவிசை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். பாலிதீனின் பரப்பு ஆற்றல் அதே அளவையில் 31ஐ ஒட்டியது. டெப்லானுக்கோ 20க்கும் குறைவு. தன் இழுவிசையைவிடப் பலவீனமான பரப்பில் திரவம் பரவாது என்பதால், பிளாஸ்டிக் குடத்தில் அடித்த வர்ணம் நகத்தால் கீறினாலே சுருண்டு வந்துவிடும். அப்படியானால் மோட்டார் வண்டியின் முன்காப்பு பாலிபுரோப்பிலீனாலானது, அதன்மேல் வர்ணம் எப்படி நிற்கிறது? அதன் முகத்தை ஒரு கணம் நெருப்புச் சுவாலையால் வருடுகிறார்கள். பிளாஸ்டிக் உருகுமுன் சுவாலை விலகிவிடும். அதற்குள் மேற்புறத்து மூலக்கூறுகளில் பிராணவாயு இணைந்து, அதுவரை எதையும் நாடாத பரப்பு நாடத் தொடங்குகிறது. டெப்லானைச் சமையல் வாணலியில் நிறுத்துவதற்கோ, வாணலியை மணலால் அடித்துக் குழிக்குழியாக்கி அக்குழிகளில் அதைச் சிறைப்படுத்துகிறார்கள்.

உயிருள்ள பரப்புக்கள் தனி ரகம், ஏனெனில் அவை வளர்கின்றன. நெடுஞ்சாலைப் புளியமரங்களின் அடிமரத்தில் அடிக்கும் சுண்ணாம்பு, மரம் பருக்கும்போது வெடித்துத் தானே உதிர்ந்து மரத்துக்குத் தொந்தரவின்றிப் போகிறது. அதே இடத்தில் எண்ணெய் வர்ணம் அடித்தால் பட்டையின் சுவாசத் துளைகளை அடைத்துவிடும். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்குத் தீட்டும் வர்ணம் சில வாரங்களில் மாடு மரத்தில் உரசியே போய்விடும். முன்னாளில் காவி பூசினார்கள், இப்போது எனாமல். மனிதத் தோலின் கதை இன்னும் கடுமையானது. கூத்தாடும் கலைஞர்கள் முகத்துக்குப் பூசிய மஞ்சள் நிற அரிதாரம் பாஷாணம் கலந்த கனிமம். ஒப்பனைக்கே அரிதாரம் என்ற பெயர் நிலைத்துவிட்டதிலிருந்து அது எவ்வளவு பரவலாக உபயோகத்தில் இருந்தது என்பது விளங்கும். தகரம் வர்ணத்தை உதறித் தள்ளும். தோல் அவ்வாறு தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொள்வதனால், விடியவிடிய ஆடிய அந்தக் கலைஞர்கள் தங்கள் வேஷத்தின் விலையைத் தங்கள் சரீரத்தாலேயே செலுத்தினார்கள்.

சில பரப்புக்களுக்குப் பூச்சே தேவையில்லை என்பதையும் மனிதன் சில சமயம் கண்டுகொள்கிறான். அமெரிக்காவின் விண்வெளி ஓடம் 1981 ஆம் ஆண்டில் இரண்டு தடவை பறந்தபோது, அதன் பிரம்மாண்டமான வெளி எரிபொருள் தொட்டி வெள்ளையாக இருந்தது. தொட்டியைப் போர்த்தியிருந்த நுரைப்பூச்சை ஏவுதளத்து வெயிலிலிருந்து காக்கவே வர்ணம் அடித்திருந்தார்கள். நுரை தன்னளவிலேயே வெயிலைப் போதுமான காலம் தாங்கும் என்று தெரிந்தபின், 1982 இல் நிகழ்ந்த மூன்றாம் பயணத்திலிருந்து வர்ணத்தை விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 270 கிலோ எடை மிச்சமாயிற்று. அதன் பிறகு அந்தத் தொட்டி தன் சுயமான செங்காவி நிறத்தோடேயே பறந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நம் கோயில்களுக்குத் திரும்புகிறது. கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு வர்ணம் இடுவது பழைய மரபு. சுதை சுண்ணாம்பாலானது, அதற்கொரு காப்பு வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கொரு கும்பாபிஷேகத்தின்போது பழைய பூச்சைச் சுரண்டாமலே எனாமல்மேல் எனாமலாக ஏற்றிக்கொண்டு போனால், சுதைக்குள் புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி அடைபட்டு உருவங்கள் உள்ளிருந்தே பிளக்கின்றன. விரல்கள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிற்பி இமையின் கீழ் வைத்த நிழல் மறைந்துபோகிறது. இதையாவது மரபின் மிகை என்று கொள்ளலாம். கருங்கல்லுக்கு வர்ணம் அடிப்பதை எவ்விதத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கருங்கல் துருப்பிடிக்காது, கறையான் ஏறாது, காப்பு எதையும் கேட்காது. அதன்மேல் பல இடங்களில் சுண்ணாம்பும் காவியும் மாறி மாறி அடித்தார்கள்; பின்பு பளபளப்புக்காக எண்ணெய் வர்ணமே அடித்தார்கள். கல்லின் மூட்டுக்களில் ஏறும் ஈரம் வர்ணத்தின் அடியில் தங்கிக் கொப்புளிக்கிறது. எழுத்துக்களின் பள்ளங்கள் நிரம்புகின்றன. பிறகு ஒரு நாள் அதையெல்லாம் எடுத்துவிட வேண்டுமென்று தோன்றும்போது, மணலை வேகமாகப் பீய்ச்சி அடித்து எடுக்கிறார்கள். மணல் வர்ணத்துக்கும் கல்லுக்கும் பேதம் அறியாது. வர்ணத்தோடு உளியின் கூர்மையையும், சில இடங்களில் கல்வெட்டின் எழுத்தையுமே தேய்த்துவிடுகிறது. வர்ணத்தை இளக்கும் பசைகளைத் தடவி, மென்மையான தூரிகையாலும் மரச்சீவலாலும் பொறுமையாக நீக்கும் முறை இருக்கிறது. நாள் அதிகம் ஆகும், கூலி அதிகம் ஆகும், அவ்வளவே.

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் சிவன் கோயிலில், மகாமண்டபத்துத் தூண் ஒன்று அடிமுதல் தலைவரை பச்சை எனாமலால் மூடப்பட்டிருந்ததைச் சில வருஷங்களுக்கு முன் பார்த்தேன். இடுப்பளவு உயரத்தில், பல தலைமுறைப் பக்தர்களின் கை பட்டுப் பட்டு, ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு வர்ணம் பெயர்ந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் கல் கறுத்து, எண்ணெய் இட்டதுபோல மினுமினுத்தது. குனிந்து பார்த்தபோது, பழைய தமிழ் எழுத்து ஒன்று முழுதாகவும், அதற்கடுத்த எழுத்து பாதியாகவும் தெரிந்தன. மீதி வரி பச்சைக்கு அடியில் இருந்தது.